சுல்மாவின் களைப்பு

ஃப்ரே பென்டோஸ்
10 ஏப்ரல் 2011

மகள் சுல்மாவுக்கு,

உன் அப்பன் டெல்மிரோ சொல்ல, பக்கத்து வீட்டு எல்பா எழுதுகிறாள். தந்தி ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவள். நான் பத்து வார்த்தை சொன்னால் ஆறு வார்த்தையில் முடிக்கப் பார்க்கிறாள். எல்லாவற்றையும் எழுது, காகிதம் என்னுடையது என்று சண்டை போட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் போய்ப் பதினைந்து வாரம் ஆகிவிட்டது. நீ ஒரு வரி போடவில்லை. பேக்கரிக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிட்டாய் என்றார்கள், வந்து காதில் வைத்தேன். தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம்தான் கேட்டது. இருபத்தாறு வருஷம் மாட்டுக்கறி ஆலையில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற காது இது, உனக்குத் தெரியாததா. அதனால்தான் கடிதம்.

அன்றைக்கு நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். உன் அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். மேஜையில் பதினொரு பேர். வெளியே ஆட்டுக்குட்டி கம்பியில் வெந்துகொண்டிருக்கிறது. நீ பதினொன்றரை மணிக்கு, "அஞ்சு நிமிஷம் படுத்துட்டு வரேன்" என்று போனாய். நாலு மணிக்கு வந்தாய், முகத்தில் தலையணை மடிப்பு. நான் கேட்டது ஒரே கேள்வி. "மகாராணி முழிச்சாச்சா? தட்டு கழுவ ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்." எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

சிரிப்புக்குச் சொன்னதற்கு இத்தனை கோபமா?

ஜூலை 23 உன் அம்மாவுக்கு முதல் வருஷப் பூசை. பாதிரியாரிடம் பெயர் கொடுத்தாயிற்று. நீ வர வேண்டும். உனக்கு ஏதோ நோய் என்று உன் சித்தி சொன்னாள். நோயின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. என்ன நோய்?

உன் அப்பா


மான்டெவிடியோ
24 ஏப்ரல் 2011

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் எல்பா அம்மாளுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இந்தக் கடிதத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படியுங்கள். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமென்றால் நீங்கள் கத்தித்தான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு மாதவிலக்கு நின்றதைப் பற்றி அம்மாவுக்கு எழுதியிருந்தேன், அதையும் நீங்கள்தான் படித்துக் காட்டினீர்கள். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கறிக்கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே எனக்குக் கைவைத்தியம் சொன்னார்.

அப்பா, அன்று நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எழுந்திரு, எழுந்திரு என்று என் கால்களுக்குச் சொல்லிக்கொண்டே கிடந்தேன். அவை கேட்கவில்லை. நீங்கள் சிரித்தது எனக்குப் படுக்கையறை வரை கேட்டது.

போன ஆகஸ்டிலிருந்து இப்படித்தான் இருந்தது. எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு, படுத்தபோது இருந்ததைவிட அதிகக் களைப்போடு எழுவேன். காலையில் ஒரு பள்ளி, மதியம் இன்னொரு பள்ளி, நடுவில் இரண்டு பஸ். கரும்பலகையின் மேல்பாதியில் எழுதுவதை விட்டுவிட்டேன், கை அவ்வளவு உயரம் போக மறுத்தது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று கீழ்ப்பாதியைப் படித்தார்கள்.

நான் சந்தா கட்டும் சங்க மருத்துவமனை டாக்டரிடம் போனேன். ஆறு நிமிஷம். "ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். வயசு ஐம்பது ஆகப்போகுது, அம்மா இறந்திருக்காங்க. கொஞ்சம் நடங்க, சரியாயிடும்." அட்ரீனல் களைப்பு என்று படித்தேனே, அதுவாக இருக்குமா என்று கேட்டேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது இன்டர்நெட்ல மட்டும் இருக்கிற வியாதி" என்றார்.

பிறகு கிரிசெல்டா என்ற ஒருவரிடம் போனேன். டாக்டர் இல்லை, இயற்கை மருத்துவம் பார்க்கிறவர். ஒன்றரை மணி நேரம் என்னைப் பேசவிட்டார். அம்மாவைப் பார்க்க வாராவாரம் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்ததைக் கேட்டார். நான் அழுதேன், அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காலை முதல் இரவு வரை நான்கு குழாய்களில் என் எச்சிலை எடுத்துச் சோதித்தார். நெடுநாள் கவலையிலும் ஓட்டத்திலும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி களைத்துப்போய்விட்டது, உடம்புக்குத் தெம்பு தரும் சுரப்பை அது சரியாகத் தருவதில்லை என்றார்.

அவர் கொடுத்த மாத்திரைக் குப்பியின் மேல் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? காய வைத்த மாட்டுச் சுரப்பி. ஆலையில் நீங்கள் வெட்டி எடுத்ததேதான். சிரித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் முதல் வாரத்திலிருந்து சாப்பிடுகிறேன். மூன்றாம் நாளே யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. இப்போது பலகையின் மேல்பாதியிலும் எழுதுகிறேன் அப்பா.

சுல்மா


ஃப்ரே பென்டோஸ்
8 மே 2011

மகள் சுல்மாவுக்கு,

எல்பா ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் படித்தாள். அந்த ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருப்பது உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் கறிக்கடைக்காரன் வாசலில் நிறுத்தி, "மகளுக்கு ஈரல் கொடுங்க டெல்மிரோ, சுரப்பி எதுக்கு?" என்று கேட்டான். கோபப்படாதே. அவன் நல்ல மாதிரியாகத்தான் கேட்டான்.

நான் படிக்காதவன், என் பெயரைக்கூட எனக்குப் பார்த்துத்தான் தெரியும். ஆனால் இந்தச் சுரப்பி விஷயத்தில் உன் டாக்டரும் உன் கிரிசெல்டாவும் என் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. 1953 மார்ச்சில் குடல் மேஜையில் நின்றேன், 1979ல் ஆலையை மூடுகிறவரை அதே மேஜை. எங்கள் ஆறு பேருக்கு வேலையே அதுதான். குண்டிக்காய், அதாவது நீ எழுதின சிறுநீரகம், அதைச் சுற்றி இருக்கும் கொழுப்புக்குள் விரலை விட்டால் தட்டுப்படும். நாங்கள் தொப்பி என்போம். வலது பக்கத்துத் தொப்பி இதயம் மாதிரி மூணு மூலையாக இருக்கும், இடது பக்கத்தது அவரை விதை மாதிரி வளைந்திருக்கும். கொழுப்பை வழித்து, கிழியாமல் எடுத்து, ஐஸ் மேல் வைத்த தகர டப்பாவில் போட வேண்டும். கிழிந்தால் மேஸ்திரி திட்டுவான். கப்பலில் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும். மதியத்துக்கு மேல் விரல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு குளிர்.

நாற்பது மாட்டுக்கு ஒரு கிலோ தொப்பி. அது கணக்கு. குளிர்காலம், வெயில்காலம், எருது, பசு, எதுவானாலும் சுமார் நாற்பது.

இதைக் கேள். நீ பிறந்த வருஷம் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாடுகளை நடத்தியே ஓட்டி வந்தார்கள். பன்னிரண்டு நாள் நடை, பாதி நாள் தண்ணீர் இல்லை. வந்து சேர்ந்த மாடுகள் நிற்க முடியாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. அவ்வளவு களைத்த மிருகத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு கிலோ டப்பா முப்பது மாட்டிலேயே நிரம்பிவிட்டது. சாவேரியோ என்று ஒருத்தன் என் பக்கத்தில் நின்றான், "என்னடா இது, தொப்பியெல்லாம் பெருத்துப்போய் வருது" என்றான். ஆமாம், பெருத்திருந்தது. கனமாக, கருஞ்சிவப்பாக. களைத்த மாட்டின் தொப்பி சுருங்கவில்லை மகளே, அது இன்னும் அதிகமாக வேலை செய்திருக்கிறது. மாடுதான் களைக்கும். தொப்பி களைக்காது.

அப்புறம் உன் மாத்திரையில் இருக்கிற அந்தப் பொடி. கீழே விழுந்த தொப்பிகளை ஆலை வாசல் நாய்கள் தின்னும். இந்த ஊரிலேயே அவைதான் தூங்குமூஞ்சி நாய்கள். ஒன்றாவது தெம்பு வந்து குதித்ததை நான் பார்த்ததில்லை. காய்ந்த சுரப்பியில் ஒன்றும் இல்லை. தூக்கிப் போடு. உன் கிரிசெல்டாவுக்கு ஒன்றரை மணி நேரம் பேச ஆள் வேண்டுமானால் என்னிடம் அனுப்பு.

உன் அப்பா

(எல்பா: இதை எழுத வேண்டாம் என்றேன். எழுது என்கிறார்.)


மான்டெவிடியோ
29 மே 2011

அப்பா,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். என்னோடு வேலை செய்யும் நிப்யா, "நல்ல சேதியா?" என்று கேட்டாள். என் அப்பா என்னை ஒரு மாட்டோடு ஒப்பிட்டிருக்கிறார், மாடு பரவாயில்லை என்கிறார் என்று சொன்னேன்.

சுரப்பி பெருத்திருந்ததோ சுருங்கியிருந்ததோ எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். டாக்டர் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேருமே ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டீர்கள். அந்தப் பெயரில் நோய் இல்லை, ஆகையால் உனக்கு ஒன்றும் இல்லை. கிரிசெல்டா தப்பான பெயரே சொல்லியிருந்தாலும், அவர் ஒருவர்தான் உனக்கு ஏதோ இருக்கிறது என்று சொன்னார்.

எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். 2008ல் அம்மா களைப்பாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். துணி காயப்போடும்போது நடுவில் உட்கார்ந்துகொள்வாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "படுத்தா யாருக்குத்தான் தூக்கம் வராது." டாக்டரிடமும், "அவ எப்பவுமே இப்படித்தான்" என்று நீங்களே பதில் சொன்னீர்கள், அவளைப் பேசவிடாமல். பதினான்கு மாதம் கழித்துத்தான் இதயத்தில் வால்வு கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் அம்மாவின் களைப்புக்கும் பெயர் கிடையாது அப்பா. இல்லாத களைப்புதான் அவளுக்கும்.

மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. நிறுத்துவதாக இருந்தாலும் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று கிரிசெல்டா சொல்லியிருக்கிறார்.

பள்ளியில் எடுத்த படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். படத்தை யாரும் படித்துக் காட்டத் தேவையில்லை. பாருங்கள், உடம்பு எப்படித் தேறியிருக்கிறது என்று.

சுல்மா


ஃப்ரே பென்டோஸ்
19 ஜூன் 2011

மகளே,

எல்பா உன் அம்மாவைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "இத்தோட முடிஞ்சுது" என்றாள். எனக்குக் காதுதான் இல்லை, கண் இருக்கிறதே. காகிதத்தில் இன்னும் பாதி இருந்தது. "கத்து" என்றேன். கத்தினாள். கடைசியில் அவளும் அழுதாள்.

நீ சொன்னது எல்லாம் நடந்தது. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. இனி அடுத்ததற்குப் போகிறேன்.

உன் படத்தை இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்பா, "எவ்வளவு தேறிட்டா பாருங்க, கன்னமெல்லாம் வந்திருக்கு" என்றாள். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் உடம்பைப் பார்த்தே சம்பளம் வாங்கினவன். அது தேறல் இல்லை மகளே. தேறின உடம்பு எல்லா இடத்திலும் சேர்ந்து தேறும். உனக்கு முகம் தட்டு மாதிரி உருண்டிருக்கிறது, கழுத்துக்குப் பின்னால் திமில் வைத்திருக்கிறது, கை மட்டும் குச்சியாக இருக்கிறது. முழங்கைக்குக் கீழே கருநீலத் திட்டு ஒன்று. எங்கேயாவது இடித்துக்கொண்டாயா? இல்லை, தொட்டாலே கன்றிப்போகிறதா?

அந்தக் குப்பியில் இருப்பது மாட்டுச் சுரப்பி இல்லை. என்ன என்று எனக்குத் தெரியாது. சுரப்பி இப்படிச் செய்யாது. சுரப்பி ஒன்றுமே செய்யாது.

போன கடிதத்தில் கேலி பண்ணினேன். இந்தத் தடவை கேலி இல்லை, பயந்துபோயிருக்கிறேன். ஆலையில் பரிசோதகர் ஒரு மாட்டு உடம்பின் மேல் நீல முத்திரை குத்திவிட்டால் அது ஒரு மணி நேரத்துக்குள் எரிக்கிற அடுப்புக்குப் போக வேண்டும். பாதியை இன்றைக்கு, பாதியை நாளைக்கு என்று கிடையாது. கெட்டது என்று தெரிந்த பிறகு கையில் வைத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்து என்பது வியாபாரிப் பேச்சு. இன்னும் இரண்டு குப்பி விற்கும், அவ்வளவுதான்.

உன் அம்மா பேரைச் சொல்லிக் கேட்கிறேன். அவள் விஷயத்தில் நான் பார்க்காமல் விட்டேன். இதைப் பார்த்துவிட்டேன். கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே நிறுத்து. ஒரு மாத்திரைகூட மிச்சம் வைக்காதே.

உன் அப்பா


மான்டெவிடியோ
3 ஜூலை 2011

அப்பா,

திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன். பயந்துபோயிருக்கிறேன் என்று நீங்கள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று இரவே இரண்டு குப்பிகளையும் கழிவறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டீர்கள், அதற்காக.

ஆமாம், தொட்டாலே கன்றுகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்த இடம்கூட.

நீண்ட கடிதம் எழுத முடியவில்லை. இரண்டு நாளாகக் கால் பஞ்சு மாதிரி இருக்கிறது, மூட்டெல்லாம் வலி. காலையில் மாத்தே டீ குடித்தால் வாந்தி. எழுந்து நின்றால் சுவர் நகர்கிறது. ஃப்ளூவாக இருக்கும், வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நாளையிலிருந்து குளிர்கால விடுமுறைதான், படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும்.

22ஆம் தேதி பஸ்ஸில் வருகிறேன். பூசைக்கு இருப்பேன்.

சுல்மா


மான்டெவிடியோ, மருத்துவமனை
31 ஜூலை 2011

அப்பா,

இதைப் படுக்கையிலிருந்து நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் எல்பா அம்மாள் மன்னிக்க வேண்டும்.

ஏழாம் தேதி நிப்யா கதவை உடைக்கச் சொல்லி உள்ளே வந்திருக்கிறாள். சமையலறைத் தரையில் கிடந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. இரண்டாவது நாள் நீங்கள் வந்து சேர்ந்ததும், ஐந்து நாள் தீவிர சிகிச்சை வார்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் நர்ஸ்கள் சொல்லித்தான் தெரியும். "உங்க அப்பா ஆஸ்பத்திரியையே எழுப்பிட்டாரு. காது கேக்காதவரு மெதுவாப் பேசவே மாட்டாரா?" என்றார்கள். மூன்றாம் மாடி நோயாளிகளுக்குக்கூட என் வரலாறு தெரிந்திருக்கிறது. நம் தெருவே இங்கே வந்த மாதிரி இருந்தது.

ஆனால் நான் கண் திறந்து பேச ஆரம்பித்த காலையில் நீங்கள் இல்லை. ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார்கள். ஏன் போனீர்கள்? பூசைக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்ததே.

இங்கே இருக்கும் சுரப்பி டாக்டர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவர். நிப்யா ஒரு காலிக் குப்பியைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள், அதன் அடியில் ஒட்டியிருந்த பொடியைச் சோதித்தார்கள். மாட்டுச் சுரப்பி பெயருக்குத்தான் இருந்ததாம். மிச்சம் ஸ்டீராய்டு மருந்து, அட்ரீனல் சுரப்பு செய்கிற வேலையையே செய்வது. லேபிளில் அதைப் போடவே இல்லை. விளக்குப் போட்ட மாதிரி தெம்பு வந்தது அதனால்தான். நான்கு மாதம் அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் என் சொந்தச் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டது. நான் அதை ஒரே நாளில் கொட்டியபோது உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

கிரிசெல்டா வந்திருந்தார். நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று நின்றுகொண்டே அழுதார். அவருக்கும் தெரியாதாம். தன் சொந்த அக்காவுக்கும் அதே குப்பியைக் கொடுத்திருக்கிறார். மறுநாள் அக்காவைக் கையோடு அழைத்து வந்து இதே டாக்டரிடம் காட்டினார். என்னால் அவரை வெறுக்க முடியவில்லை.

டாக்டரிடம் கேட்டேன், அட்ரீனல் களைப்பு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? "நீங்க சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க சுரப்பி நல்லாத்தான் இருந்திருக்கும். ஓடி ஓடி அது தேஞ்சு போச்சுங்கறதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. இப்பதான் அது நெஜமாவே தூங்குது, அதுவும் மருந்தால. எழுப்ப ஒரு வருஷம் ஆகலாம்" என்றார். மாத்திரை தந்திருக்கிறார்கள். காலையில் ஒன்று, மதியம் பாதி, சாயங்காலம் பாதி. சில வாரங்களுக்கு ஒரு முறை கொஞ்சம் குறைத்துக்கொண்டே போவார்கள். ஒரு நாள் விட்டாலும் மறுபடி தரையில் கிடக்க வேண்டியதுதான்.

"அப்போ முதல்ல இருந்த களைப்பு?" என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது எனக்குத் தெரியல. தூக்கத்தப் பாப்போம், இரும்புச்சத்தப் பாப்போம், மனசையும் பாப்போம். ஒண்ணும் கிடைக்காமலும் போகலாம். ஆனா அது இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

என்னை நிறுத்தச் சொன்னதற்காக நீங்கள் ஓடிப்போனீர்கள் என்றால், அதை நான் உங்கள் மேல் போடவில்லை. கொட்டியது என் கை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெயர் பொய், அந்தக் குப்பி பொய். கிறிஸ்துமஸ் அன்று என்னால் எழுந்திருக்க முடியவில்லை என்பதை நீங்கள் நம்புகிறீர்களா?

சுல்மா


ஃப்ரே பென்டோஸ்
9 ஆகஸ்ட் 2011

மகளே,

இதை எல்பா ஒரு வார்த்தைகூடச் சுருக்காமல் எழுத வேண்டும். நான் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வேன், அவள் காத்திருக்கட்டும்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். எனக்கு எதுவும் மறக்காது, அது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ சமையலறையிலிருந்து ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு வந்தாய். வாசலுக்கும் மேஜைக்கும் ஒன்பது அடி இருக்கும். நடுவில் ஒரு தடவை நாற்காலி முதுகில் கூடையை வைத்துவிட்டு நின்றாய். ஒரு ரொட்டிக் கூடை. இரண்டு கிலோ இருக்காது. உன் அம்மா துணிக்கூடையோடு நின்ற அதே நிற்பு. நான் பார்த்தேன் சுல்மா. ஒருத்தியைப் புதைத்து அஞ்சு மாசம்தான் ஆகியிருந்தது, இன்னொன்றைப் பார்க்க என்னிடம் தைரியம் இல்லை. சோம்பேறி என்று வைத்துக்கொண்டால் யாரும் சாக மாட்டார்கள். அதனால் எல்லோர் முன்னாலும் மகாராணி என்றேன். உன் அம்மாவிடம் சொன்னதும் அதற்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன.

நம்புகிறேனா என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கே நம்பினேன். அதுதான் கேவலம்.

ஏன் ஓடினேன் என்றால், நீ கண்ணைத் திறக்கப் போகிறாய் என்று நர்ஸ் சைகை காட்டினாள். கண்ணைத் திறந்ததும் முதலில் உன்னைக் கொல்லப் பார்த்தவன் முகத்தையா பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன், திரும்பவில்லை. அதையும் எழுது எல்பா.

உன் சின்ன டாக்டர் என்னிடமும் பேசினாள். பேசிப் பார்த்தாள், எனக்குக் கேட்கவில்லை. எழுதிக் காட்டினாள், எனக்குப் படிக்கத் தெரியாது. பிறகு காகிதத்தில் குண்டிக்காயை வரைந்து அதன் மேல் தொப்பியை வரைந்தாள். நான் பென்சிலை வாங்கி வலது தொப்பியை மூணு மூலையாகத் திருத்தினேன். சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் படமாகவே போட்டாள். பெரிய தொப்பி, வெளியிலிருந்து மாத்திரை வருகிறது, தொப்பி சுருங்குகிறது. மாத்திரையின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தாள், ஆளை வரைந்து கீழே படுக்க வைத்தாள். அந்தப் படம்தான் எனக்குப் புரிந்தது. இருபத்தாறு வருஷம் தொப்பியைக் கையில் பிடித்தவன், செத்த மாட்டில் இருந்ததைத்தான் பிடித்தேன். உயிரோடு இருக்கிற உடம்பில் அது என்ன செய்கிறது என்று எனக்கு என்ன தெரியும். பொடியில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது சரிதான். அந்தச் சரியை நம்பித்தான் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னேன்.

ஆலையை ஒரு வருஷம் எட்டு மாசம் பூட்டி வைத்துத் திறந்தார்கள், 1971ல். எங்களுக்கெல்லாம் கை மறந்துபோயிருந்தது. பழைய வேகத்தில், மாடுகளைத் தொங்கவிடும் சங்கிலியை ஓட்டியிருந்தால் பாதிப் பேருக்கு விரல் போயிருக்கும். மேஸ்திரி, கெட்ட வாய்க்காரன், ஆனால் அதைத் தெரிந்துவைத்திருந்தான். முதல் வாரம் மணிக்கு இருபது மாடு. அடுத்த வாரம் இருபத்தஞ்சு. யாரையும் திட்டவில்லை. உன் தொப்பியையும் அப்படித்தான் எழுப்ப வேண்டும் என்று புரிந்துகொண்டேன். சரியா என்று உன் டாக்டரிடம் கேள்.

23ஆம் தேதி பூசை நடந்தது. பாதிரியார் உன் அம்மா ஓல்கா பேரைப் படித்தார். நான் உன் பேரை மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

இனி நடக்கப் போவது. அடுத்த வாரம் வியாழக்கிழமை மதிய பஸ்ஸில் மான்டெவிடியோ வருகிறேன். எத்தனை மாதம் ஆனாலும் அங்கேதான். கோழிகளுக்கு எல்பா பொறுப்பு. முட்டை அவளுக்கு, அதற்கு அவள் சம்மதம். உன் வீட்டில் எங்கே படுப்பது என்று யோசிக்காதே, சமையலறையில் ஒரு பாய் போதும், அந்தத் தரையில் நான் படுக்க வேண்டியதுதான் நியாயம். சமைக்கத் தெரியும். கத்திக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டான்.

மாத்திரை என் பொறுப்பு. டப்பாவில் காலைக்கு ஒரு அடையாளம், மதியத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று உன் டாக்டரிடம் வரைந்து தரச் சொல். கால் மாத்திரை குறைக்கச் சொன்னால் அந்த நாளில் அந்தக் கால் மாத்திரையைக் குறைப்போம். அதுவரைக்கும் நீயே வேண்டாம் என்று அடம்பிடித்தாலும் ஒரு வேளைகூட விட மாட்டேன். நிறுத்து என்று சொன்ன அதே ஆள்தான் இதையும் சொல்கிறேன்.

தினமும் காலையில் இன்றைக்கு எவ்வளவு களைப்பு என்று உன்னைக் கேட்பேன். விரலால் காட்டு, பத்துக்கு எத்தனை என்று. நீ காட்டுகிறதுதான் அளவு. நான் அதில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன்.

உன் அப்பா
டெல்மிரோ